லிப்ட் வேலை செய்யவில்லை

அரைப்புள்ளி விசை
போன பிப்ரவரியில் கழன்று விழுந்தது.
அதன் கீழிருந்த ரப்பர் குமிழைச்
சுண்டுவிரல் நகத்தால் குத்திக் குத்தித்தான்
மிச்ச வரிகளையெல்லாம் முடித்தேன்.
புதுசு வாங்கு என்றான் அண்ணன்.
புதுசுக்கு அறுநூறு ரிங்கிட்.
நகம் இலவசம்.

யாரிடம் படித்தாய் என்று இப்போது கேட்கிறார்கள்.
ஜெலுத்தோங் பெட்ரோல் நிலையத்தில்
இரவில் காசு வாங்கும் கண்ணாடிக் கூண்டு.
இரண்டு மணிக்கும் நாலுக்கும் நடுவே
மீன் லாரி மட்டும் வரும்.
மற்ற நேரமெல்லாம் ரசீதுச் சுருளின் முதுகில்
எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.
வீட்டுக்கு வந்து தட்டினால்
திரை முழுக்கச் சிவப்பாய்ப் பிழை.
பிழை, பிழை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
அதை வாழ்த்தாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பது
ஒரு விடியற்காலையில்தான் உறைத்தது.

ஆட்டம் சின்னது.
பதினேழு மாடி. தோளில் ஒரு கேஸ் தோம்பு.
லிப்ட் கதவில் 'ரோசாக்' என்று ஒட்டிய தாள்.
ஏற வேண்டும். அவ்வளவுதான்.
ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் பிறந்தவள்
ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் விளையாட்டு செய்கிறாளே என்று
முகிலரசன் விழுந்து விழுந்து சிரித்தான்.
தோள் அவனுடையது.

அவன் சட்டைப் பையில்
என் பழைய கைப்பேசியைப் போட்டு
வேலைக்கு அனுப்பினேன்.
மூன்றாம் மாடியில் மூச்சு, விசில் மாதிரி.
ஏழில் ஏதோ பழைய பாட்டின் பாதி.
ஒன்பதில், யார் வீட்டிலோ
மஹ்ஜோங் காய்கள் கலையும் சத்தம்.
பதினொன்றில் பாட்டு இல்லை.
பதினான்கில் தோம்பு கைப்பிடிச் சுவரில் இடித்து
"அம்மா" என்று ஒரு சொல்.
கூப்பிட்டதா, வலியா, தெரியவில்லை.
வெட்டாமல் அப்படியே போட்டேன்.
நல்ல ஒலி என்று மட்டும் நினைத்தேன்.

வெளியிட்ட அன்று பதினொரு பேர் வாங்கினார்கள்.
அதில் ஒருத்தி நான்.
மூன்றாவது வாரம்
மீன் லாரிக்காரருக்குச் சில்லறை எண்ணும்போது
கைப்பேசி நடுங்க ஆரம்பித்தது, நிற்கவில்லை.
நாற்பதாயிரம். பிறகு எண்ணவில்லை.
ஒன்பதாம் மாடிச் சுவருக்குள்
பாதி உடம்போடு சிக்கிய பூனை என் தவறு.
திருத்தப் போனேன்.
வேண்டாம் என்று ஊர் ஊராகக் கெஞ்சினார்கள்.
அம்மா வங்கிப் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"யாருக்கு என்னத்தை வித்தே?" என்றாள்.
படிக்கட்டு, என்றேன்.

பனி பெய்யும் ஏதோ ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
பதினொன்றாம் மாடியில் நிறுத்திவிட்டேன்.
அந்த மனிதர் நலமா?

ஒரே வீட்டில், ஒரே குழம்பில்
இருபத்திரண்டு வருஷம்.
நான் கேட்டதில்லை.

ஞாயிறு மதியம் அவனை உட்காரவைத்து
விளையாடச் சொன்னேன்.
ஹெட்போனில் ஏழாம் மாடி வந்ததும்
தன் பாட்டுக்குத் தானே தலையாட்டினான்.
பதினொன்றில் விரல்கள் நின்றன.
விசைப்பலகையை மேலும் கீழும் துழாவினான்.
"இறக்கி வைக்க எதை அமுக்கணும்?"

இருபத்தாறாயிரம் வரியில் அது இல்லை.
ஏறுவதற்கு இருந்தது, தோள் மாற்றுவதற்கு,
வியர்வை கண்ணில் வழிந்தால்
திரை மங்குவதற்குக்கூட.

"நல்லாத்தான் இருக்கு" என்று
ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு
மாலைத் தோம்புகளுக்குக் கிளம்பிப் போனான்.
நிஜ லிப்ட் அன்று ஓடியதா என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது மணி இரண்டு. கூண்டுக்கு விடுப்பு.
உள்ளே அவன் குறட்டை.
புதிதாய் ஒரு விசை எழுதுகிறேன்.
அமுக்கினால் தோம்பு தரையில் அமரும்,
அவன் சுவரில் சாய்வான்,
கடிகாரம் ஓடாது,
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

நகம் குமிழைத் தேடுகிறது;