பதினோரு கிராம்

வாங்குமுன் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.
கண் அப்புறம்.
சாம்பல் நிற பிரெஞ்சு வேன்,
ஐம்பத்தொன்பதில் வார்த்தது என்றால்
தொண்ணூற்றிரண்டு கிராம்.
மெர்வின் நீட்டியது
காலையில் சாப்பிடாமல் கிளம்பிவந்த பையன்போல
உள்ளங்கையில் உட்கார்ந்தது.
சட்டைப்பைத் தராசு எண்பத்தொன்று என்றது.

காரைக்கால். பாரதியார் வீதிக்குப் பின்சந்து.
செல்போன் பழுதுபார்க்கும் கடை.
சனிக்கிழமை என்றால் திருநள்ளாறுவரை
பஸ்ஸில் நிற்க இடமிருக்காது.
அதனால் ஞாயிறு வந்திருந்தேன்,
பையில் பதினெட்டாயிரம்.
மனைவியிடம் சொன்னது: ஆடிட் வேலை.

"எங்க தாத்தா சொல்தா சார்.
சைகோன்லேருந்து தூலோன், தூலோன்லேருந்து இங்க.
அவரு பெட்டியில இருந்தது."
நல்ல கதை.
கதையோடு வரும் வண்டியை
இரண்டு முறை திருப்பிப் பார்ப்பது என் வழக்கம்.

திருப்பினேன்.
அடித்தகட்டில் ஆணித்தலை பூவாக விரிந்திருக்க வேண்டும்.
இதில் யாரோ துளைபோட்டுத் திறந்து
திருகு வைத்து, மேலே ஈயம் பூசியிருந்தார்கள்.
எழுத்துகளின் விளிம்பு
நாக்கில் பாதி கரைந்த கற்கண்டு.
அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த உலோகம்
ஆறும்போது சுருங்கும்.
காலிப்பர் வைத்தேன்: அரை மில்லிமீட்டர் குட்டை.
டயர் மட்டும் பழசு. வெடிப்பெல்லாம் நிஜம்.
வேறெந்த வண்டியோ அதற்காகச் செத்திருக்கிறது.

பெட்டியைக் கேட்டேன்.
மூலை நைந்து, டீக்கறை படிந்து,
நூறு கை பட்டதுபோல் அட்டை.
கல்லாமேல் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு.
"கொஞ்சம் போடுங்க தம்பி."
அட்டை,
சொட்டுநீலம் போட்ட வேட்டியாக
பளீரென்று சிரித்தது.
மெர்வினும் சிரித்தான்.
"அசல்னு நான் சொல்லவே இல்லையே சார்."
உண்மைதான். அவன் சொன்னது தாத்தாவை மட்டும்.

பூதக்கண்ணாடியை உறையில் போட்டேன்.
ஜெயித்த பிறகு எனக்கு எப்போதும் பசிக்கும்.
எழுந்தபோது கேட்டான்:

"நீங்க கொல்லுமாங்குடி கொள்முதல் நிலையம்தானே?
எங்க மாமா போன தை மாசம் உங்ககிட்ட நெல்லு போட்டாரு.
வீட்ல பல்லுல வச்சா நொறுங்குது.
உங்க மீட்டர்ல இருபதுன்னு காட்டுச்சாம்.
மூட்டைக்கு நாப்பது குடுத்ததும்
பதினேழுக்கு எறங்குச்சாம்.
அதை எப்படி சார் செய்றீங்க?
தொழில் தெரிஞ்சவர்னு கேக்குறேன்."

மேசையில் ஒரு செல்போன் பிரிந்து கிடந்தது.
அதன் குடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மின்விசிறி ஒருபக்கமாக ஆடிற்று.

"வண்டி எவ்வளவு?"

"பதினெட்டாயிரம் சொல்லியிருந்தேன்.
உங்களுக்குப் பத்து மூட்டைக் காசு போதும்."

கொடுத்தேன்.
நான்கு நோட்டையும் ஒவ்வொன்றாக
ஊதா விளக்கடியில் காட்டி
பிறகுதான் பெட்டியை மூடித் தந்தான்.

திங்கட்கிழமை நிலையத்து மேசையில்
ரசீதுகளின்மேல் அதை வைத்தேன்.
வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறது.
அதிலிருக்கும் நாற்பத்தாறும் அசல்.
அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை.

தார்ப்பாய் விலக்கிய நெல்லில் ஆவி.
சாக்கு தைப்பவர்கள் இன்னும் டீக்கடையில்.
வரிசையில் முதல் ஆள் அச்சுதமங்கலத்துச் செங்கமலம்.
ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டேன்.
பதினாறு புள்ளி எட்டு.
அவள் திரையைப் பார்க்கவே இல்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கீழைக்காற்று ஒரு வீச்சு வீசியது.
வேன் சறுக்கி விழ,
ரசீதெல்லாம் களம் பூராவும்.

ஓடி ஓடிப் பொறுக்கினேன்.
திரும்பி வந்தபோதும்
அவள் அந்த முடிச்சோடுதான் நின்றிருந்தாள்.