வெள்ளைக்கரு

பிராட்ஃபோர்டு. ஆண்கள் வார்டு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, முப்பத்திரண்டு கட்டில்.
காலை ஆறரைக்கு நான் சமையலறையில் முட்டை கேட்டு நிற்பேன்.
"வாய்க்கா, முதுகுக்கா?" என்பாள் மேவிஸ்.
இரண்டுக்கும் ஒரே கூடைதான்.

மஞ்சளை ஒதுக்கி
வெள்ளையை நுரைக்க அடித்து
படுக்கைப் புண்ணில் பூசி
ஆக்சிஜன் குழாயால் ஊதி உலர்த்துவோம்.
காய்ந்ததும் மினுங்கும், வார்னிஷ் அடித்த நாற்காலிபோல.
புண் இன்னும் வராதவர்களுக்கு
ஸ்பிரிட் தொட்டு வட்டம் வட்டமாய்த் தேய்ப்பு.
இடுப்பு, முழங்கை, குதிகால்.
சிவந்த இடத்தில் இன்னும் அழுத்தி.
சிவந்தால் ரத்தம் ஓடுகிறது,
ஓடினால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள்.
யார் சொன்னது என்றால்
சிஸ்டர் ஆர்மிராய்டு
தன் இடுப்புப் பட்டையின் வெள்ளிக் கொக்கியைத் தொட்டுக்கொள்வாள்.
இருபத்தாறு வருடம். அதுதான் பதில்.

திமிரில் கேட்கவில்லை.
எனக்குக் கணக்குப் பிடிக்கும், அவ்வளவே.
ஐந்து மாதக் குறிப்பேடுகளைப் புரட்டினேன்.
எத்தனை முறை மலம் கழித்தார், இருக்கிறது.
பாதிரியார் வந்து போன நேரம், இருக்கிறது.
புண் எத்தனை அங்குலம், இல்லை.
முதுகு கவனிக்கப்பட்டது.
முதுகு கவனிக்கப்பட்டது.
முதுகு கவனிக்கப்பட்டது,
செத்துப்போன நாள்வரை.

பழைய எக்ஸ்ரே படங்களைக் கழுவி வாங்கி
புண்ணின் மேல் விரித்து ஓரம் வரைந்தேன்.
சரியாகக் கழுவாத படங்களில்
யாரோ ஒருவரின் விலா எலும்புக்குள்
வேறு யாரோ ஒருவரின் புண்.
"நர்சுக்கு எதற்கம்மா ஆராய்ச்சி" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே.
சிஸ்டர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் தோற்றுவிடு" என்று
சாவியைக் கொடுத்தாள்.

இரண்டு மணிக்கொருமுறை எல்லோரையும் புரட்டிப் படுக்கவைப்பது.
தேய்ப்பதா வேண்டாமா என்பது மட்டும்
என் பையிலிருந்த அரை கிரவுன் நாணயத்தின் பாடு.

டோர்டாஃப் நெசவாலைக்காரர்.
நாற்பது வருடத் தறிச் சத்தத்தில் காது போய்
உதடு பார்த்தே பேச்சைப் படிப்பார்.
விளக்கினேன். "ஒரே தறி, இரண்டு பாவு.
எது அறுகிறதென்று பார்க்கப் போகிறாய். பார்."
தலை விழுந்தது. தேய்ப்பு.
நாளுக்கு நான்கு முறை தேய்த்தேன்,
அவர் புறாக்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே.
பதினோராம் நாள்
குதிகால் தோல் என் கட்டைவிரலுக்கடியில் நழுவியது,
வெந்த தக்காளித் தோல்போல.

தேய்த்தது இருபத்திரண்டு பேர், புண் ஒன்பது.
தேய்க்காதது இருபத்து மூன்று, புண் நான்கு.
முட்டையைத் தனியே எண்ணினேன்:
பூசினாலும் ஒன்று, பூசாவிட்டாலும் ஒன்று.
சின்னக் கணக்கு. இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.
இன்னொரு வார்டில், இன்னொரு ஊரில்
என்னைப் பிடிக்காத ஒருத்தி
இதையே முதலிலிருந்து எண்ண வேண்டும்.

சிஸ்டர் தாளை இரண்டு முறை படித்தாள்.
எழுந்து போய்க் கை கழுவினாள்.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
இருபத்தாறு வருடத்தை
எத்தனை குதிகாலால் பெருக்கிக்கொண்டிருந்தாளோ.
ஒரு வாரம் கழித்து ஸ்பிரிட் குப்பி மேல் தட்டுக்குப் போனது.
ஒரு வார்த்தை இல்லை.

டோர்டாஃப் கேட்டார்:
"நான் எந்தப் பாவு?"
குரல் எடுக்கவில்லை. உதட்டால் மட்டும் சொன்னேன்.
படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.
"எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா" என்றார்.

இப்போது அவர் கணுக்காலுக்கடியில் தலையணை,
குதிகால் எதையும் தொடாமல் காற்றில்.
மறு குதிகாலும் லேசாகச் சிவந்திருக்கிறது.
என் விரல்கள் தாமாக அதை நோக்கிப் போகின்றன.
ஏப்ரன் பைக்குள் இரண்டையும் திணித்துக்கொண்டு
கடிகாரம் பார்க்கிறேன்:
அடுத்துப் புரட்ட
இன்னும் நாற்பது நிமிடம்.