ஒன்பது இரவுக்கு ஓர் அறை

திபிலீசியில் எனக்கு வீடு இருந்தது.
இப்போது வரைபடம் இருக்கிறது.
விரலால் பெரிதாக்கினால்
தெருக்கள் நெற்றியில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு
முன்னே வந்து நிற்கின்றன.

ஒன்பது இரவு. அவ்வளவுதான் விடுப்பு.
தெசலோனிகி மருத்துவமனையின் சலவைக்கூடத்தில்
எனக்குப் பதிலாக நிற்கப்போகிறவள்
பத்தாம் நாள் தன் ஊருக்குப் போகவேண்டும்.

“எங்களிடம் தங்கு, வாடகை எதற்கு?” என்கிறாள் ஏத்தெரி.
வாக்கேயில் அவள் வீடு பெரியது. சாப்பாட்டு மேசையும் பெரியது.
நாற்காலிக்கு ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கும்.
வாடகை அங்கேயும் உண்டு,
பணமாக வாங்கமாட்டார்கள்.

சொலொலாக்கி?
மர உப்பரிகைகளுக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டார்கள்.
அழைப்புமணி இருந்த இடத்தில்
எண்பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி.
ஒரு முற்றத்தின் படத்தை அடையாளம் கண்டேன்:
லாமாராவின் கல்யாணத்தன்று மின்சாரம் போய்
இரண்டு கார்களை உள்ளே கொண்டுவந்து
விளக்கைத் திருப்பிவிட்டு ஆடினோமே, அதேதான்.
இன்று இரவொன்றுக்கு நூற்றெண்பது லாரி,
காலை உணவு தனி.

அவ்லபாரியை ஒரு மாலை முழுதும் கையில் வைத்திருந்தேன்.
“மலைமேல் பேராலய வெளிச்சம்
திரைச்சீலையை மதிக்காது,
உனக்கோ தூக்கம் குறைவு” என்றான் குராம்.
பழகியவர்கள் இப்படித்தான்,
உதவும்போதே வயதையும் சொல்லிவிடுவார்கள்.

மார்ஜனிஷ்விலி வசதி. மெட்ரோ பக்கம், மருந்துக்கடை பக்கம்,
நிலவறையில் ரொட்டி அடுப்பு.
காலை ஏழரைக்கு அவ்தாண்டில் அங்கே வரிசையில் நிற்பான்.
படகுபோல் நீண்ட ரொட்டி இரண்டு,
ஒன்றின் முனையைக் கிள்ளித் தின்றபடியே நடப்பான்.
விவாகரத்துத் தாளில் கரண்டிவரை பிரித்துக் கொடுத்தார்கள்,
ரொட்டிக்கடை யாருக்கு என்று எழுதவில்லை.

வேராவை, நான் குடியிருந்த அந்தச் சரிவை,
திரையில் வேகமாகத் தள்ளிவிட்டேன்,
சுடுபாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல.

கடைசியில் வார்க்கெத்திலி.
மெட்ரோ தண்டவாளம் முடிகிற இடம்.
பதினெட்டு வருடம் இந்த நகரத்தில் இருந்து
நான் அங்கே போனது ஒரே தடவை,
அதுவும் ரயிலில் தூங்கிப்போய்.
“சுடுநீர் உண்டு. எட்டாவது மாடி. பூனை ஒத்துக்கொள்ளுமா?”
என்று எழுதியிருந்தாள் அறைக்காரி நார்கிஸா.
என்னைப் பற்றி வேறொன்றும் அவள் கேட்கவில்லை.
உடனே முன்பணம் கட்டினேன்.

மார்ச் மாதச் சேறு.
ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள்,
சுவரில் எழுதிய எண்தான் வித்தியாசம்.
லிஃப்டுக்குள் காசுப்பெட்டியைத் தேடினேன்.
பழைய கோட்டுப் பையில் இருபது தெத்ரி ஒன்று
பதினோரு வருடமாக இந்த வேலைக்கென்றே காத்திருந்தது.
பெட்டி இல்லை. இப்போது அட்டை காட்டவேண்டுமாம்.
பூண்டுக் கட்டும் தக்காளிப் பையுமாக ஏறியவர்
தன் பெயர் மால்காஸ் என்றார், நான் கேட்கவில்லை,
தன் அட்டையையே எனக்காகத் தட்டினார்.
“எத்தனாவது?”

“ஐந்து” என்றேன்.

இறங்கி, கதவு மூடி, அவர் மேலே போனபிறகுதான் உறைத்தது.
ஐந்து வேறொரு கட்டடத்தின் மாடி.
ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது.

இங்கே ஐந்தில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
கதவோரம் ஒரு பையனின் காலணி, ஒற்றை.
உள்ளே வானொலியோ சண்டையோ, பிடிபடவில்லை.
மணியை நான் அடிக்கவில்லை.
விரல் அதுவரை போனது என்னவோ உண்மை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.
ஏழாவதில் மூச்சு வாங்க நின்றால்
உடைந்த சன்னல் நிறைய ஊர் விளக்குகள்.
எது எந்தப் பேட்டை என்று
அங்கிருந்து சொல்லத் தெரியவில்லை.