முன்னால் ஒரு சின்னக் கோடு

டெமா துறைமுகத்தின் மீட்பு அறையில்
இரவுப் பணி எனக்கு.
உலகத்தின் பூஜ்யக் கோடு
இந்த ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது என்பார்கள்.
நான் பார்த்ததில்லை.
அஷைமானில், மேற்கில், தூங்கி எழுந்து
ட்ரோட்ரோ வண்டியில் நசுங்கி
கிழக்கில் வந்து கையெழுத்துப் போடுகிறேன்,
அவ்வளவுதான்.

ஜனவரி.
பாலைவனத்துப் புழுதி கடல்மேல் இறங்கியிருந்தது.
பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு குரல்,
எப்படிக் கிடைத்ததோ சிக்னல்:
மோட்டார் செத்துப்போச்சு, பதினோரு பேர் இருக்கோம்,
கரை வெளிச்சம் ஒண்ணும் தெரியல,
பேரு ஆஷிட்டே, சார்ஜ் ரெண்டு சதவீதம்.

எண்ணைப் படி என்றேன்.
"அஞ்சு புள்ளி மூணு ஒண்ணு."

வடக்கு. அதில் சந்தேகமில்லை.
அட்சரேகை தகராறு செய்யாத பிள்ளை.
சுற்றுகிற பூமி
தன் இடுப்பில் தானே கட்டிக்கொண்ட அரைஞாணிலிருந்து
எண்ணத் தொடங்கினால் போதும்.
வானம் தெளிந்திருந்தால் அவனே அளந்திருப்பான்:
நீட்டிய கையில் மூன்று விரல் உயரம்,
அங்கே துருவ நட்சத்திரம்.

"அடுத்தது?"
"முன்னால ஒரு சின்னக் கோடு.
அப்புறம் பூஜ்யம் புள்ளி ஒண்ணு எட்டு நாலு."
"கோடா?"
"கண்ணாடி உடைஞ்ச போன் அக்கா,
கீறலாக்கூட இருக்கும், இல்லாட்டி..."

அத்தோடு சரி.

தீர்க்கரேகைக்கு இடுப்பு கிடையாது.
எந்த ஊரையும் தொடக்கம் என்று சொல்லிவிடலாம்.
யாரோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கைதூக்கி,
ஒரு தொலைநோக்கி நின்ற இடத்தைச் சொன்னார்கள்.
அதன் வால் நீண்டு நீண்டு
எங்கள் துறைமுகத்தில் வந்து விழுந்தது.
வேறு கடலில் இந்தக் குழப்பம் வராது.
முப்பது பாகையில் பக்கத்தை மாற்றிப் போட்டால்
படகு காட்டுக்குள் நிற்கும்,
பார்த்தவன் சிரித்துத் திருத்திவிடுவான்.
இங்கே இரண்டு பக்கமும் தண்ணீர்.
கோடு இருந்தால் மேற்கு, இல்லாவிட்டால் கிழக்கு.
நடுவில் நாற்பத்தொரு கிலோமீட்டர் இருட்டு.
மீட்புப் படகு ஒன்றே ஒன்று.

வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்தேன்.
பெருவிரல் ஒன்றில், சுண்டுவிரல் ஒன்றில்.
"எந்தப் பக்கம் கோர்க்கோர்?"
என்ஜினை உறுமவிட்டபடி
மூன்றாம் முறையாகக் கேட்டார் லாம்ப்டி.

கண்ணாடி உடைந்தால் எங்கேயும் உடையும்.
அஞ்சுக்கு முன்னால் ஏன் இல்லை?
பூஜ்யத்துக்குச் சரியாக முன்னால் வந்து
ஒரு கீறல் உட்காருமா?
"மேற்கு" என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கு உலர்ந்தது.

மூன்றரைக்கு அவர் அந்த எண்மேல் நின்றார்.
"இங்கே யாருமில்லை."
அலை படகில் அறைவது வானொலியில் கேட்டது.
நான் கிழக்குப் புள்ளியைப் பார்த்தேன்.
அதுவும் என்னைப் பார்த்தது.

மெதுவாகத்தான் உறைத்தது:
எண் சொல்வது அவன் இருந்த இடம்,
இருக்கிற இடமல்ல.
இது கிழக்கே நடக்கிற கடல்.
நான் எழுதிய மை காயும்முன்
படகு அந்த எண்ணைவிட்டுக் கிளம்பியிருக்கும்.
"நீரோட்டத்தோடு போங்கள்.
விளக்கை அணைக்காதீர்கள்."

பிரிக்காத கென்கே பொட்டலம் மேசையில் இருந்தது.
ஐந்து மணிக்கு லாம்ப்டி பேசினார்:
பதினொன்று. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, கடலுக்கு ஓய்வு நாள்,
நான்கு சீலா மீனைத் தாளில் சுற்றி
அறைக்கே வந்துவிட்டான் ஆஷிட்டே.
நான் நினைத்ததைவிடச் சின்னப் பையன்.
அந்த போனைக் கொடு என்றேன்.
இந்த அறையின் எண் ஒளிர்ந்தது:
ஐந்து புள்ளி ஆறு மூன்று,
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று.
இது கிழக்கு.
முன்னால் கோடு வரக்கூடாது.

இருந்தது.
பூஜ்யத்துக்குச் சரியாக முன்னால்,
எள்ளளவு, படுக்கையாக, கச்சிதமாக.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
போகவில்லை.

"புது போன் வாங்கணும் அக்கா" என்று சிரித்தான்.
மீனை வாங்கி வைத்துக்கொண்டேன்.
லாம்ப்டியிடம் இன்னும் சொல்லவில்லை.