அசைந்தவை

கணினி என் உள்ளங்கையில் அடங்கும்,
சவர்க்காரப் பெட்டி மாதிரி.
அதற்குப் பூட்டப்போகும் கிராபிக்ஸ் காட்
செங்கல்லைவிட நீளம், மூன்று காத்தாடி,
கொழும்பில் யாருக்கோ இரண்டு வருஷம்
கண்ணுக்குத் தெரியாத நாணயம் தோண்டிக் களைத்தது.
கிண்ணியா நஸ்மில் பஸ்ஸில் கொண்டுவந்தான்,
துவாயில் சுற்றி மடியில் வைத்து.
பிள்ளைக்கு மூச்சு முட்டாதோ என்று
பக்கத்து ஸீற் மனுசி கேட்டாவாம்.

அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு
தேத்தண்ணி ஊற்றப் போனேன்.
திரும்பிவர, மான் ஒன்று அதைத் தின்றுகொண்டு நின்றது.
இந்த ஊர் மான்களுக்கு வெட்கமில்லை,
பஸ் நிலையத்தில் பாண் கேட்டு வாங்கும்.
உத்தரவாதச் சீட்டு முதலில் போயிற்று,
பிறகு வழிகாட்டிப் புத்தகம், பத்தாம் பக்கம் வரை.
மிச்சம் சீனத்தில் இருந்தது.

நாலு ஸ்குறு. மூடியைக் கழற்றினால்
உள்ளே இடமே இல்லை.
வைஃபை குந்தியிருக்கும் விரல்நுனிப் பள்ளம் ஒன்றுதான்.
அதை எழுப்பி அனுப்பினால் இதற்கு இடம்.
ஊர்த்தொடர்பா, கண்ணா என்று கேட்கிறது பெட்டி.
கண் என்றேன்.

பவர் சப்ளை, துறைமுக வீதியில்
மூடிப்போன நெற் கபே ஒன்றின் எலும்பு.
தாய்ப்பலகை கூப்பிடாமல் எழும்பாது,
ஏமாற்றித்தான் எழுப்பவேண்டும்:
இருபத்துநாலு துளையில் பச்சை வயரைத் தேடு,
பக்கத்துக் கறுப்பைத் தேடு,
பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி
இரண்டையும் தொடவை.
சுவரில் பிளக் கழன்றுதான் கிடக்கிறதா என்று
மூன்றுதரம் பார்த்தேன்.

மஞ்சள் முக்கோணம்.
பிழை இலக்கம் நாற்பத்து மூன்று.
என் வயது. தற்செயல்தான்,
ஆனாலும் கோபம் வந்தது.

இங்கே எதற்கும் முதல் சந்தேகம் உப்பில்.
காட்டின் பொன்னிறப் பற்களை
அழிறப்பரால் தேய்த்தேன்,
பக்கத்து வீட்டு டிலக்‌ஷிகாவிடம் இரவல்,
ஸ்ட்ரோபரி வாசம்.
அப்படியும் இல்லை.

ஒரு மணிக்குத்தான் வரிசை பிடிபட்டது.
பெரியதை முதலில் எழுப்பு.
காத்தாடி சுழலட்டும்.
பிறகே சின்னதன் பொத்தான்.
சின்னது கண்திறக்கையில் பெரியது முன்னால் நிற்கவேண்டும்,
நடுவில் வந்தால் ஆளைத் தெரியாது.

தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
மா ஆலைக்குக் கோதுமையோடு வரும் கப்பலை
இழுவைப்படகு ஒன்று மூக்கால் முட்டித் திருப்பும்,
உட்துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.
இன்றைக்கு அது என் மேசையில்.

ஈராயிரத்து நூற்று நாற்பது படம் கொடுத்தேன்,
புறாத்தீவுக்குப் பின்புறம், மூன்று பாக ஆழம்,
அலோசியஸின் வள்ளத்தில் போய் ஒன்பது காலை.
தனியே என்றால் பதினொரு நாள் என்றிருந்த பெட்டி
இப்போது மூன்றரை மணித்தியாலம் என்றது.
கரண்ட் போகவில்லை.
ஒருதரம் மின்குமிழ் கண்ணடித்தது, அவ்வளவுதான்.

விடியப்புறம் புள்ளி புள்ளியாய் எழும்பியது கடலடி.
மூளைப் பவளம், மடிப்பெல்லாம் சரியாக.
மான்கொம்புப் பவளம், பாதி வெளிறி.
எலியால் உருட்டிப் பார்த்தேன், கீழிருந்து, பின்னாலிருந்து,
மீனுக்கும் வாய்க்காத கோணத்திலிருந்து.

மீன் ஒன்றும் இல்லை.
படங்களில் நிறைய இருந்தன,
கிளிமீன், வரியன், என் கண்ணாடியைக் கொத்திய ஒரு குட்டி.
அசைவதை இது சேர்ப்பதில்லை.
அடுத்த படத்துக்கும் அதே இடத்தில் நின்றது மட்டும்தான் கணக்கு.
மூலையில் அலோசியஸின் நங்கூரக் கல்
பாசியோடு அப்படியே.
கயிறு ஆடிக்கொண்டிருந்ததால் கயிறு இல்லை.
எதிலும் கட்டாத கல்.
மேலே எங்கேயோ வள்ளம்,
அதற்குள் அவன், பீடியோடு.

அறை முழுக்க வெக்கை.
பிளக்கைக் கழற்ற எழும்பினேன்.
நிற்பாட்டும்போது எது முதலில் என்று தெரியாமல்
மறுபடி குந்தினேன்.