இருபத்தாறு யார்

ஏறாவூர் நிஸ்பர் கொண்டுவந்து வைத்தான்,
பால்மாப் பேணிக்குள் பஞ்சு சுற்றி
வில்லுக்குப் பூட்டும் குறிகாட்டி இரண்டு.
ஒன்றில் ஐந்து ஊசி. பச்சை, மஞ்சள், சிவப்பு,
மறுகா பச்சை, மறுகா மஞ்சள்.
மற்றதில் ஒரேயொரு ஊசி,
பக்கத்தில் சில்லு, சில்லில் எண்கள்.
"ஒரு கிழமை வெச்சுப் பாருங்க அக்கா,
பிடிக்காததைத் திருப்பித் தாங்க.
ஊசி முறிஞ்சா காசு."

கரடியனாற்றில் எங்கள் சோளன் பொத்தி தள்ளிய மாதம்.
பண்டி ஓரிரவில் ஒரு வரம்பு நீளம் தின்னும்.
தின்றதைவிடக் கூட உழக்கும்.

சசிரூபனுக்கு ஐந்தூசிதான்.
இருபது யாருக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று,
திருகவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்,
வருகிறதைப் பார், ஊசியை வை, விடு.
எனக்கென்றால் அது
கலியாண வீட்டு வாசலில் ஐந்து பேர் நின்று
ஒரே நேரம் வாங்க வாங்க என்பதுபோல.
எவருடைய முகத்தைப் பார்ப்பது?

நான் ஒற்றையைப் பூட்டினேன்.
யூரியாப் பையில் பழந்துணி திணித்துப்
புளியடியில் சாத்தினேன்.
முதல் அம்பு இடப்பக்கம் ஒரு சாண்.
ஊசியை வலப்பக்கம் தள்ளினேன்.
அடுத்தது இடப்பக்கம் இரண்டு சாண்.
போனில் நிஸ்பர் விழுந்து சிரித்தான்:
"அம்பு போன பக்கமே ஊசியையும் அனுப்புங்க அக்கா."
பிழையை மறிக்கக் கூடாதாம்,
பிழைக்குப் பின்னால் போகவேண்டுமாம்.
அலன் சாவியை மற்றப் பக்கம் திருக
என் விரலுக்கே நம்பிக்கை வரவில்லை.
மூன்றாவது அம்பு
பையில் அச்சடித்த நாற்பத்தாறில்
நாலுக்கும் ஆறுக்கும் இடையில் போய் நின்றது.

நூல் பிடித்து அளந்தோம்.
பரணிலிருந்து யானைவேலியின் மூன்றாம் கட்டை
இருபத்தாறு யார்.
ஐந்தூசியில் இருபத்தாறுக்கு ஊசி இல்லை.
பச்சைக்குக் கீழே, மஞ்சளுக்கு மேலே,
ஒன்றுமில்லாத இடத்தால் குறிபார்த்து
சசி மூன்று அம்பையும் ஒரு கை அகலத்துக்குள் போட்டான்.
பொய் சொல்ல மாட்டேன், எனக்கு எரிந்தது.
ஆனால் ஆறே முக்காலுக்கு
அவனுடைய ஐந்தும் சாம்பல் நூலாகிவிட்டன.
என்னுடையது இன்னும் ஆறு நிமிடம் பச்சையாய் இருந்தது.
கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு
சத்தமாக எண்ணினேன்.

வியாழக்கிழமை அந்த ஆறு நிமிடத்துக்குள் வந்தது.
தனிப் பண்டி. முதுகில் சேறு காய்ந்திருந்தது.
மூன்றாம் கட்டையடியில் மூக்கால் மண்ணைக் கிளறியது.
இழுத்தேன்.
குமிழி நடுவில்.
ஊசி முன்னந்தோளில்.
மூச்சு பாதியில்.
விட்டேன்.

முதுகுக்கு மேலால் போன அம்பு
பத்மலோசனி அக்காவின் மிளகாய்க் கண்டத்துக்குள் இறங்கி
மோட்டர் குழாயைத் துளைத்தது.
தண்ணீர் ஓராள் உயரத்துக்கு எழும்பிற்று.
பண்டி தலையைத் தூக்கி அதைப் பார்த்தது,
பிறகு என்னைப் பார்த்தது,
பிறகுதான் ஓடியது.

சில்லு நாற்பதில் நின்றது.
முதல்நாள் பின்னேரம் சசிக்குக் காட்டவென்று
தூரத்து அம்பு விட்டவள் நான்தான்,
திருப்பி வைக்க மறந்தவளும் நான்தான்.

குழாய்க்கு மூவாயிரத்து இருநூறு.
சசி ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்தூசியைத் துடைத்து, பஞ்சு சுற்றி,
பேணிக்கு அருகில் வைத்தான், உள்ளே வைக்கவில்லை.
சனிக்கிழமை நிஸ்பர் வந்து எது வேண்டாம் என்று கேட்டபோது
இரண்டு பேரும் தேத்தண்ணீரை ஊதினோம்.
கடைசியில் நான்தான் ஐந்தூசியை எடுத்து நீட்டினேன்.

இப்போது பரணில் ஏறுமுன்
கேஸ் பூட்டியாச்சா என்று கேட்கிற குரலில்
கீழே நின்று கேட்பான்:
"சில்லு எத்தனையில?"
"இருபத்தாறு."
வரம்புக்கு அப்பாலிருந்து
டோர்ச் அடித்துக்கொண்டு பத்மலோசனி அக்காவும் கேட்பாள்:
"எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிக்கிறாய் கா?"