ஆட்டத்துக்கு முதுகு காட்டி

மஞ்சள் மேலங்கி மாட்டியவன் ஆட்டம் பார்க்கக் கூடாது.
கூட்டத்தைப் பார், புல்லைப் பார்க்காதே.
பயிற்சிக்குப் போன முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
பதினோரு வருடமாய்க் கெல்பரோ டவுன் ஆடுவதை
நான் முகங்களில்தான் பார்த்துவருகிறேன்.

பந்து இடப்பக்கம் போனால்
நாலாயிரம் கழுத்து இடப்பக்கம் திரும்பும்,
காற்றுக்குச் சாயும் பார்லி வயல் போல.
கம்பத்தில் பட்டுத் திரும்பினால்
எல்லாக் கையும் தலைக்குப் போகும்.
கோல் என்றால் பதினான்காம் வரிசையில்
ஹேசல் கிரிம்ஷாவின் தேநீர்
முன்வரிசைக்காரர் கழுத்தில் விழும்.
இந்தப் பருவம் அந்தக் கழுத்து
பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது.

ஆகஸ்டில் வெயிலில் சிவந்த மூக்குகள்,
ஆளுக்கொரு கணக்கு: ஆறாவது இடம், போனால் போகிறது எட்டாவது.
அக்டோபரில் பயிற்சியாளர் போனார்.
அடுத்து வந்தவர் கிறிஸ்துமஸ் மரத்தை எடுப்பதற்குள் போனார்.
ஜனவரியில், கோல் போடத் தெரிந்த ஒரே பையனை விற்றார்கள்;
அந்தப் பணத்தில் கூரை ஒழுகலை அடைத்ததாகச் சொன்னார்கள்.
கூரை இன்னும் ஒழுகுகிறது,
அதே இருபத்திரண்டாம் இருக்கையில்.

மே மாதம், கடைசிச் சனி, காலையிலிருந்து மழை.
நாங்கள் ஜெயிக்க வேண்டும்,
இருநூறு மைல் தள்ளி வேறு யாரோ ஜெயிக்காமல் இருக்க வேண்டும்.
அடுத்த வீட்டு அடுப்பை நம்பி
உலை வைத்த கதை.

தபால்காரர் ராய்ஸ்டன் பிம்லட்
ஒரு காதில் மட்டும் வயர் மாட்டி வந்திருந்தார்.
ஒரு காது இங்கே, ஒரு காது அங்கே.
ஆட்டத்தைவிட அவர் முகத்தைத்தான்
சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள்.
நானும்.

அறுபத்தெட்டாம் நிமிடம் தேநீர் பறந்தது.
யார் அடித்தது, எந்தக் காலால், தெரியாது.
முன்பின் தெரியாத இருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்,
ஒருவரின் மூக்குக்கண்ணாடி என் பூட்ஸ் அருகே விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன். விதிப்படி அதற்கு அனுமதி உண்டு.

எண்பத்தொன்பதில்
பிம்லட் காதிலிருந்ததைக் கழற்றினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வயரை விரலில் சுற்றிச் சுற்றிச்
சட்டைப்பையில் வைத்தார், கவனமாக,
பதிவுத் தபால் போல.

அங்கிருந்து பரவியது.
பக்கத்து இருக்கை, பின்வரிசை, படிக்கட்டு,
சுவரில் ஈரம் ஏறுவது போல.
பாட்டு ஒரு வரியின் நடுவில் நின்றது;
சேதி போய்ச் சேராத மூலையில் மட்டும்
இன்னும் கொஞ்ச நேரம் பாடினார்கள்.

அப்போதுதான் திரும்பினேன்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
இவ்வளவு சின்னதா இந்த மைதானம்?
எங்கள் பையன்களுக்கு இன்னும் தெரியாது.
ஒன்றுக்குப் பூஜ்யம், காத்தாக வேண்டும் என்று
சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து,
கோல்கீப்பர் பந்தை மார்போடு அணைத்துக் கிடந்தான்,
வீடு புகுந்து யாரோ பிடுங்க வருவது போல.
மூன்று நிமிடம்
அவர்கள் மட்டும் இன்னும் மூன்றாம் பிரிவில் இருந்தார்கள்.

விசில்.
கைகளை உயர்த்தினார்கள்.
பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

வேலிக்கருகே ஒரு சிறுமி, கன்னத்தில் கரைந்த நீலச் சாயம்,
பலகையைக் காட்டிக் கேட்டாள்:
நாமதானே ஜெயிச்சோம்?
ஆமாம் என்றேன். பொய் இல்லை.
அவள் அப்பா ஷூ லேஸ் கட்டுவது போல் குனிந்தார்.
லேஸ் இல்லாத பூட்ஸ்.

கூட்டம் கலைந்தபின் இருக்கைகளுக்கு அடியில்
அடுத்த பருவச் சீட்டுக்கான விண்ணப்பங்கள்,
இம்மாதமே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி.
ஹேசல் மட்டும் பிளாஸ்க் மூடியைத் திருகியபடி உட்கார்ந்திருந்தார்.
விண்ணப்பம் ஒன்றைப் பொறுக்கி
நனைந்த ஓரத்தைக் கிழித்துக் கைப்பையில் போட்டார்.
அந்த இடது பக்கத் தடுப்பாட்டக்காரப் பையன்
இன்னிக்கு நல்லா ஆடினான், இல்ல?

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.